ஓட்டுப் போடப் போன வீடு

1949 தேர்தலில் யூலாமே மாக்ஸியின் வீடு தானே எழுந்து போய் ஓட்டுப் போட்டது. அன்று பஹாமாஸின் தலைநகர் நாசோவில் மீன் விலை ஏறியிருந்ததால் ஊர் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

ஊர் நடுவிலிருந்த குன்றுக்குத் தெற்கே கறுப்பர்களின் பலகை வீடுகள் எல்லாம் கல் முட்டுகளின் மேல்தான் நின்றன. இறங்கி நடப்பது அவற்றுக்குச் சிரமமில்லை. சட்டமும் தெளிவாக இருந்தது: சொத்துள்ள ஆணுக்கு ஓட்டு, பல தீவுகளில் சொத்திருந்தால் பல ஓட்டு. பே தெருவின் வெள்ளை வியாபாரிகள் படகேறித் தீவு தீவாகப் போய் ஓட்டுப் போட்டு, நல்ல பசியோடு திரும்பினார்கள். யூலாமே, புருஷன் கடலோடு போன பிறகு ஓலைத் தொப்பி பின்னி விற்று வீட்டைக் காப்பாற்றியவள். சொத்து இருந்தது, ஆண் இல்லை என்பதுதான் குறை.

"ஓட்டு உனக்கில்லம்மா, சொத்துக்கு. அதுக்கு ஒரு ஆம்பள வேணும்" என்றார் தேர்தல் அதிகாரி.

"அப்ப சொத்தையே அனுப்பறேன், வாங்கிக்குங்க."

வீட்டுக்கு வந்து அதையே பலகை அதிரத் திரும்பச் சொன்னாள். மறுநாள் காலை வீடு கிளம்பிவிட்டது. அதிகாரி சட்டத்தைப் புரட்டினார். வீடு பெண் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சீட்டைக் கொடுத்தார். வீடு அதை ஜன்னல் வழியாகப் பெட்டியில் போட்டது.

சாயங்காலம் திரும்பியபோது அதன் மேல் புதுப் பச்சைப் பெயின்ட். மழைத் தொட்டியில் ரம் வாடை. முட்டுக்கல்லில் ஏற நாலு தரம் தவறியது.

"ஏ யூலாமே, உன் வீடு நம்ம ஆம்பளைங்களைவிட மோசம்டி" என்றாள் பக்கத்து வீட்டு கிளியோமி. "அவனுங்க ஓட்டுக்கு வாங்குற ரம்மோட நிறுத்திக்குவானுங்க. இது சிங்காரமும் பண்ணிக்கிட்டு வந்திருக்கு!"

"யாருக்குப் போட்டே, சொல்லு" என்று யூலாமே வீட்டைக் கேட்டாள். அது ஜன்னல்களைச் சாத்திக்கொண்டது. அந்த மாதம் முழுக்க அவள் சப்போட்டா மரத்தடியில் படுத்தாள்.

"என் ஓட்டை என் கையாலதான் போடணும், கிளியோமி. வேற எதையும் நம்ப முடியாது."

பெண்கள் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனபோதெல்லாம் அவளும் போனாள். செருப்புகள் தேய்ந்தன. அடுத்த தேர்தலன்று வீட்டைப் புருஷனின் நங்கூரக் கயிற்றால் புளியமரத்தில் கட்டிப் போட்டாள். 1958-இல் டாக்சிக்காரர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஊரே நின்றது. வீடும் அதில் சேர்ந்து கதவைத் திறக்க மறுத்தது. அன்றுதான் அதை மன்னித்தாள்.

1962-இல் பெண்களுக்கும் ஓட்டு வந்தது. நவம்பர் என்று பேர்தான், வெயில் கொளுத்தியது. சாவடி வரிசையில் அவளுக்குப் பின்னால் வீடு வந்து நின்றது. அதே அதிகாரி, தலை நரைத்திருந்தது.

"வீட்டுக்கெல்லாம் இப்ப ஓட்டு கிடையாதும்மா."

"தெரியும் சார். நிழலுக்கு வந்திருக்கு."

வரிசையில் நின்ற பெண்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். வரிசை நகர நகர வீடும் நகர்ந்தது. யூலாமே சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். அவள் ஓட்டுப் போட்ட கட்சி அந்த முறை தோற்றது. ஜெயிக்க இன்னும் சில வருஷம் ஆயிற்று. அன்று மாலை அதெல்லாம் தெரியாது. வெளியே இன்னும் நீளமாக வரிசை இருந்ததால் வீட்டை அங்கேயே விட்டுவிட்டு, அது வந்து உட்காருவதற்குள் முட்டுக்கற்களைப் பெருக்கி வைக்கலாம் என்று அவள் முன்னால் நடந்தாள்.