கடல்நாய் பார்க்கப் போன ஜலஜா

அமெரிக்காவில், பிளானோ தமிழர்கள் வீட்டில் ஒரு விசேஷத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்கள், பொண்ணு என்ன பண்றா என்று. காப்பி வருகிறதோ இல்லையோ, இந்தக் கேள்வி வந்துவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி பாட்லக் விருந்தில் ஷ்யாமளா கேட்டாள். ஷ்யாமளாவின் மகள் ரோஷினிக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த நேரம். ஜலஜாவின் ஒரே மகள் தென்றல் வேல்ஸில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கப் போயிருந்தாள். அதைச் சொல்லத்தான் ஜலஜா வாயைத் திறந்தாள். "யூகேல மெடிசின்" என்று வந்தது.

பொய் என்றால் சும்மா கிடக்குமா? அதற்கு வேளா வேளைக்குச் சோறு போட வேண்டும். முதல் வருஷம் அனாடமி ரொம்பக் கஷ்டமாம் என்றாள். மூன்றாம் வருஷம் வார்டில் போட்டுவிட்டார்களாம் என்றாள். யாராவது முட்டிவலிக்குத் தென்றலைக் கேட்டுச் சொல்லச் சொன்னால், தானே கூகுளில் பார்த்து, "தென்றல் சொன்னா" என்று வாட்ஸாப்பில் பதில் போட்டாள். கணவர் மணியன் முதலில் சண்டை போட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் போலிருக்கிறது, கூட ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

தென்றலுக்கு இது தெரியவந்தது அவள் விடுமுறைக்கு வந்தபோது. புதிதாகக் குடிவந்த ஓர் அங்கிள் சட்டைக் கையை மடித்துவிட்டு, "பிரஷர் பாரும்மா" என்று கையை நீட்டினார். மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியவள்தான். படிப்பை முடித்து, அங்கேயே கடற்கரையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் மணியனுக்கு அறுபதாம் கல்யாணம். கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. அப்பா அம்மா தலையில் கலசத் தண்ணீர் ஊற்ற வேண்டியது பெற்ற பிள்ளைகள். பிள்ளை ஒன்றே ஒன்று. அந்த ஒன்று போனில் கறாராகச் சொல்லிவிட்டது.

"நான் என்ன பண்றேன்னு நீங்களே ஷ்யாமளா ஆன்ட்டிகிட்ட சொல்லுங்கம்மா. சொன்னா வரேன். இல்லாட்டி வரல."

நேரில் போய் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் கரைந்துவிடுவாள் என்று ஜலஜா கணக்குப் போட்டாள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் கட்டிக்கொண்டு செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறினாள். ஷ்யாமளாதான் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டாள்.

கடல் என்றால் ஜலஜாவுக்குத் தெரிந்தது கால்வெஸ்டன்தான். கரைவரைக்கும் கார் போகும், தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். வேல்ஸில், பெம்ப்ரோக்‌ஷயரில் தென்றல் கூட்டிப்போன இடத்தில் பூமி சட்டென்று முடிந்தது. கீழே செங்குத்தாகப் பாறை, அதன் காலடியில் பச்சைத் தண்ணீர், தள்ளிப் போகப் போகக் கருநீலம். விளிம்பை ஒட்டியே ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் முள்ளுப் புதரில் மஞ்சள் பூ. சிவப்பு மூக்கும் சிவப்புக் காலுமாக ஒரு காக்கை காற்றில் சறுக்கிக்கொண்டு போனது.

"காக்காகூட இங்க லிப்ஸ்டிக் போட்டிருக்கு" என்றாள் ஜலஜா. தென்றல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஜலஜாவுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அந்த பஃபின் பறவை எங்க கண்ணு? போட்டோல பாத்தேனே, ஜோக்கர் மாதிரி."

"அது ஆகஸ்ட்டுக்குள்ள கிளம்பிடும்மா. இப்ப சீல் சீசன்."

சீல் என்றால் பாடப் புத்தகத்தில் கடல்நாய் என்று படித்திருக்கிறோமே, அதுதான். ஒரு சின்ன அறக்கட்டளைக்காக அதன் குட்டிகளைக் கண்காணிப்பதுதான் தென்றலின் வேலை. அம்மா போட்டிருந்த ராணிக் கலர் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, மண் நிறத்தில் ஒன்றைக் கொடுத்தாள். புல்லில் குப்புறப் படுக்கச் சொன்னாள். நின்றால் வானத்துக்கு எதிராக ஆள் தெரியும், சத்தம் கேட்டால் தாய்கள் மிரண்டு கடலுக்குள் பாய்ந்துவிடும், சிலது திரும்பி வராது என்று காதோடு சொன்னாள். ஐம்பத்தாறு வயசில் ஜலஜா முனகிக்கொண்டே படுத்தாள். பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் முனகல் நின்றுவிட்டது.

கீழே கூழாங்கல் கரையில் வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மலைபோல அம்மா. நடுநடுவே துடுப்புக் கையால் குட்டியின் முதுகைச் சொறிந்துவிட்டது.

"பால் குடுக்கற வரைக்கும் அவ எதுவுமே சாப்பிட மாட்டா" என்றாள் தென்றல். "பாதி உடம்பு கரைஞ்சிடும். கழுத்துல தழும்பு இருக்கு பாருங்க, அதை வச்சுத்தான் அடையாளம். போன வருஷமும் இவ இங்கதான் பெத்தா."

பாதையில் நடந்து வந்த ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி தென்றலைப் பார்த்ததும் அவர்களாகவே குனிந்து உட்கார்ந்தார்கள். கிசுகிசுவென்று என்னென்னவோ கேட்டார்கள். தென்றல் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள். போகும்போது அந்த அம்மாள் ஜலஜாவைப் பார்த்து, உங்கள் மகளா, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றாள்.

ஜலஜாவுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இதையா நாலு வருஷமாக மறைத்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடறேன் கண்ணு. இன்னிக்கே சொல்லிடறேன்."

தென்றல் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். "எனக்குக் கலசம் தூக்கணும்மா. அப்பா தலைல நான்தான் ஊத்தணும்."

சொல்லி வைத்தாற்போல் ஷ்யாமளாவின் வீடியோ கால் வந்தது. பிளானோவில் காலைக் காப்பி நேரம்.

"எடுங்கம்மா. இப்பவே சொல்லிடுங்க" என்றாள் தென்றல். "ஆனா மெதுவா. எந்திரிக்காதீங்க."

திரையில் ஷ்யாமளாவின் முகம் வந்தது, உறைந்தது, மறுபடி வந்தது. பிளானோவோடு பேசுவதென்றால் குரலைத் தானாக உயர்த்திவிடும் பழக்கம் ஜலஜாவுக்கு. சிக்னலைத் தேடி முழங்காலிட்டாள். அப்புறம் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அம்மா!" என்றாள் தென்றல் அடிக்குரலில்.

"என்ன ஜலஜா, பின்னாடி கடலா? சூப்பரா இருக்கு. தென்றல் கூட இருக்காளா? அவ இப்ப என்னதான் பண்றா, சொல்லேன்" என்றாள் ஷ்யாமளா.

இதைவிட வசதியாக ஒருத்தி எப்படிக் கேட்க முடியும்? நல்ல வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் ஷ்யாமளாவின் சமையலறையும், பின்னால் சுவரில் ரோஷினி வெள்ளை கோட்டோடு நிற்கும் போட்டோவும் ஜலஜாவின் கண்ணில் பட்டன.

"ஹாஸ்பிடல்ல ரெண்டு நாள் லீவ் குடுத்தாங்க!" என்று கடல் இரைச்சலுக்கு மேல் கத்தினாள். "சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தோம்! ஹலோ, கேக்குதா?"

கீழே கற்கள் புரளும் சத்தம் கேட்டது. தலைகள் நிமிர்ந்தன. அடுத்த நொடி அத்தனை பெரிய உடம்புகளும் கல்லின்மேல் உருண்டு புரண்டு தண்ணீரில் விழுந்தன. வழியில் கிடந்த வெள்ளைக் குட்டியை ஒன்று புரட்டித் தள்ளிவிட்டுப் போனது. கரை காலியானது. குட்டி மட்டும் கிடந்து கத்தியது, மனிதக் குழந்தை மாதிரியே.

ஜலஜா போனை அணைத்தாள். தென்றல் அவளைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் பைனாகுலரை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் தாய்கள் கரைக்குத் திரும்பின. கழுத்தில் தழும்புள்ளது வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிசாத டப்பா திறக்காமலே கிடந்தது.

"வந்துரும்ல கண்ணு?"

"தெரியல."

வெளிச்சம் மங்கும்வரை காத்திருந்தார்கள். அது வரவில்லை. காருக்கு நடக்கும்போது ஜலஜா அழுதாள். "வேணும்னு பண்ணல கண்ணு. வாய்ல அப்படி வந்துருச்சு."

"தெரியும்மா. வேணும்னு பண்ணியிருந்தா நிறுத்தச் சொல்லலாம்" என்றாள் தென்றல். "அப்பாகிட்ட நானே பேசிக்கறேன். நான் வரல."

கார்த்திகையில் அறுபதாம் கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஃப்ரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி என்று சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஐயர், "பிள்ளைகள் வாங்கோ" என்று கூப்பிட்டபோது மணியன் வாசலைப் பார்த்தார். பிறகு மடியைப் பார்த்தார். ஷ்யாமளா ரோஷினியை முன்னால் தள்ளிவிட்டாள். யார் பெற்ற பிள்ளையோ ஊற்றிய தண்ணீரில் மணியன் நனைந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் வழிந்தது எல்லாம் கலசத் தண்ணீர் இல்லை என்று பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த ஜலஜாவுக்குத் தெரிந்தது.

ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தபோது ரோஷினி அவளைக் கட்டிக்கொண்டாள். "ஐ மிஸ் தென்றல் ஸோ மச், ஆன்ட்டி. அம்மா திரும்பி வராத அந்த சீல் பேபி... ஹெர் வீடியோ மேட் மீ க்ரை."

ஜலஜா அவள் கையை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். ரோஷினி நாக்கைக் கடித்துக்கொண்டு தன் அம்மாவைப் பார்த்தாள். ஷ்யாமளா ஜலஜாவைத் தூண் பக்கம் கூட்டிப்போனாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் ஜலஜா.

"மொத வருஷத்துலேர்ந்தே தெரியும். ரோஷினி இன்ஸ்டாவுல அவளை ஃபாலோ பண்றாளே."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்குமே தெரியும் ஜலஜா."

"முட்டிவலிக்கு மருந்து கேட்டாங்களே?"

"நீ சந்தோஷப்படுவேன்னு கேட்டது." ஷ்யாமளா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்குக் கடல்கிட்ட நின்னப்பகூட, சொல்லுவேன்னுதான் கேட்டேன். சொல்லியிருந்தா இன்னிக்கு அவ இங்க நின்னிருப்பா இல்ல?"

ஜலஜாவுக்கு ஷ்யாமளாவை அறைய வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடி அவள் தோளில் விழுந்து அழ வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யவில்லை. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற ஒரு பெண் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"என்னங்க, டாக்டர் பொண்ணு வரலையா?"

ஜலஜா அவள் முகத்தைப் பார்த்தாள். நோயாளியிடம் பேசுகிற மாதிரி அத்தனை கனிவு. தெரிந்தேதான் கேட்கிறாள். அந்தப் பக்கம் மணியன் ஈர வேட்டியோடு நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். இனி மறைக்க ஆளும் இல்லை.

"டியூட்டிங்க. லீவ் கிடைக்கல" என்றாள் ஜலஜா.

"பாவம். டாக்டர் வேலைன்னாலே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வரிசைக்குத் திரும்பிப் போனாள்.