பதிமூவாயிரம் கிலோமீட்டர்

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, ஓய்வு பெற்ற லாரி டிரைவர், அவர் கால்மாட்டில் அக்கா, கையில் படிவத்தோடு நர்ஸ், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நான். அண்ணன் விமானத்தில் இருந்தான்.

மணி பத்தேகால். பதினொன்றுக்கு அப்பாவுக்கு இதய ஆபரேஷன். ஒரு நாள் தள்ளினாலும் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியவன் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். பத்து மணிக்கு அண்ணன் இறங்கிவிடுவான் என்று சொன்னது நான்.

பதினோராவது தடவை அழைத்தேன். போன் அணைந்தே கிடந்தது.

"எங்கடா அவன்?"

"வந்துடுவான்பா. பெட்டி வர லேட்டாகும்."

"பெட்டிய விடு. அந்த ஊர் எவ்வளவு தூரம்?"

"பதிமூவாயிரம் கிலோமீட்டர்."

"என்ன வேகத்துல வரும்?"

"தொள்ளாயிரம்."

"எத்தனை மணிக்குக் கிளம்பினான்?"

"நம்ம நேரத்துக்கு விடியக்காலை மூணு."

அப்பா கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.

"ஏழு மணி நேரத்துல வரணும்னா ரெண்டாயிரம் கிட்ட ஓட்டணும். பைலட் என்ன, பேய் பிடிச்சவனா? பதினாலரை மணி நேரம்டா. சாயங்காலம் அஞ்சரை."

அப்போதுதான் தப்பு எனக்குப் பிடிபட்டது. ஒரு கால் சென்டரில் அண்ணன் இருக்கும் ஊர்க்காரர்களின் புகார்களை இரண்டு வருடம் இரவெல்லாம் போனில் கேட்டுவிட்டு, போன மாதம்தான் வேலையை விட்டிருந்தேன். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஏழரை மணி நேரம் முந்தி ஓடும்; அவர்கள் எந்த மணி சொன்னாலும் ஏழரையைக் கழித்து நம் நேரமாக்கிவிடுவேன். பத்தரைக்கு ஏறி ஐந்தரைக்கு இறங்குவேன் என்று அண்ணன் சொன்னபோது இரண்டிலுமே கழித்துவிட்டேன். இறங்கும் நேரத்தை அவன் இந்த ஊர்க் கணக்கில் சொன்னது உறைக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான்பா" என்றேன்.

"வேலைய விட்டும் புத்தி இன்னும் அங்கயே நிக்குது பாரு" என்றாள் அக்கா.

"ஐயா, அடுத்த ஆள் காத்திட்டிருக்காங்க" என்றார் நர்ஸ். "நீங்க இல்லைன்னா அவங்கள உள்ள கொண்டுபோயிடுவாங்க."

அப்பா அவரிடம் திரும்பினார். "ஆபரேஷன் எத்தனை மணி நேரம்மா?"

"அஞ்சு."

"மயக்கம் தெளிய?"

"இன்னும் ரெண்டு. ஆளுக்கு ஆள் மாறும்."

"ஆறு மணி. அவன் இறங்கி, வரிசையில நின்னு, இங்க வர ஏழாகிடும். அவனுக்கு முந்தி நான் வந்துடுவேன்." படிவத்தை வாங்கிக் கிறுக்கினார்.

அப்பா வராமலும் போகலாம். அது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரோடு தாழ்வாரம் முழுக்க நடந்தேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அப்பா என் சட்டையைப் பிடித்தார்.

"ஏர்போர்ட்டுக்கு நீ போகாதே. அக்காவ அனுப்பு. நீ நாளைக்குத்தான் போய்ச் சேருவ."

சிரிப்பு வரவில்லை. சட்டையை விட்டார். சக்கரங்கள் உள்ளே உருண்டன. கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாளைப் போட்டார்கள்.