சோறும் பீச்சும்

ஜெரூஷா டீச்சருக்கு இடது வலது தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கணக்கு நடத்துகிறாள்; எண்கோட்டில் மைனஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஜன்னல் பக்கம் என்பாள். ஒரு வருடம் வகுப்பை எதிர்க் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். ஜன்னலும் பக்கம் மாறிக்கொண்டது. காலாண்டுத் தேர்வில் ஆறாம் வகுப்பு முழுவதும் கோட்டைத் திருப்பிப் போட்டு வைத்தது.

அதனால் யாருடைய குடியும் முழுகவில்லை, கப்பி வரும் வரைக்கும்.

கப்பி டிவி கார்ட்டூனில் வரும் பச்சைத் தவளை. பீர்க்கன்கரணைப் பிள்ளைகளுக்கெல்லாம் அதன் மேல் உயிர். இப்போது அது ஆடுகிற வீடியோ கேமும் வந்துவிட்டது. தரையில் ஆளுக்கொரு விரிப்பு, அதில் இரண்டு வட்டம். பாட்டுக்கு ஆடிக்கொண்டே கப்பி ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று கத்தும். அது சொல்கிற பக்கத்து வட்டத்தை மிதிக்க வேண்டும். பாழாய்ப்போன தவளை நம்மைப் பார்த்து நின்று ஆடுவதால் அதன் லெஃப்ட் நமக்கு ரைட்டாகத் தெரியும். ஜோடியில் ஒருவர் தப்பாக மிதித்தாலும் கப்பி குப்புற விழுந்து ஓவென்று அழும்.

போன வருடம் சபைக் குடும்ப விழாவில் ஜெரூஷாவும் அவளுடைய ஒன்பது வயது மகள் யூனிஸும் ஜோடி. கப்பி ஏழு தடவை விழுந்தது. எட்டாவது தடவை ஜெரூஷாவே யூனிஸ் மேல் விழுந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

இந்த வருடம் பெயர் கொடுக்கும்போது யூனிஸ் தன் ஜோடியாக மாடி வீட்டு ஜோவிதா அக்காவை எழுதிவிட்டாள். “நீ டயர்டா இருப்பம்மா, அதான்” என்றாள். ஜெரூஷா சரிடா கண்ணு என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே தள்ளியது கூடப் பரவாயில்லை. அம்மா மனசு நோகாமல் தள்ள வேண்டும் என்று பிள்ளை யோசித்து ஒரு பொய் சொல்லியிருக்கிறாளே, அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை யூனிஸ் பாட்டு வகுப்புக்குப் போன நேரம், கேமை நடத்தும் வாலிபர் சங்கத்து ஜோஸ்வினிடம் எல்லாவற்றையும் இரவல் வாங்கி வந்து, டிவி முன்னால் தனியாக மிதித்துப் பார்த்தாள். கப்பி விழுந்து விழுந்து அழுதது. கோவளத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் துர்கா வாசலில் கூடையை இறக்கிவிட்டு வெகு நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, எதுக்கு அத்தப் போட்டு இந்த அழு அழ வுட்டுகினு கீற?”

ஜெரூஷா வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். துர்கா சிரிக்கவில்லை.

“லெஃப்ட்டு ரைட்டுலாம் வுடுக்கா. சோறு துன்ற கை எதுன்னு தெரியும்ல? அது சோத்தாங்கை. இன்னொண்ணு பீச்சாங்கை. காலும் அப்டித்தான். நான் கூவறேன், நீ மிதி.”

ஜெரூஷாவுக்கு முகம் சுருங்கியது. அவள் அப்பா தேவானந்தம் தலைமையாசிரியர். அவர் வீட்டில் பீச்சாங்கை என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது. ஒரு தடவை யூனிஸ் அதைச் சொன்னதற்கு ஜெரூஷாவே ‘இடது கை’ என்று ஐம்பது தடவை எழுத வைத்திருக்கிறாள். ஆனால் துர்கா கூவ ஆரம்பித்ததும் கால் தானாகப் போனது. முப்பத்தெட்டு வருடமாக மூளை தேடிக்கொண்டிருந்ததை வயிறு சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட்டது. கப்பி ஒரு தடவைகூட விழவில்லை.

பாட்டு முடிந்து திரும்பினால், துர்காவுக்குப் பின்னால் யூனிஸ்.

“அது கெட்ட வார்த்தைன்னு சொன்னியேம்மா.”

சொன்னது தப்பு என்று ஜெரூஷா அங்கேயே ஒப்புக்கொண்டாள். யூனிஸ் மாடிக்குப் போய் ஜோவிதா அக்காவிடம் பேசிவிட்டு வந்தாள்.

விழா அன்று முதல் வரிசையில் பாஸ்டரம்மா ரத்தினபாய் உட்கார்ந்திருந்தார். சபை ஹாலில் அந்த வார்த்தையைக் கத்த முடியாது என்பதால் யூனிஸ் அம்மாவின் காதோடு சொல்வதாக ஏற்பாடு. பாட்டெல்லாம் யூனிஸுக்கு மனப்பாடம். கப்பி வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் ஜெரூஷாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கப்பி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. இந்த வருடம் மூன்று தடவை விழுந்தால் வெளியே என்று விதி. பின் வரிசையில் நாலைந்து ஃபோன்கள் எழுந்தன. ஜெரூஷா பரிதாபமாக மகளைப் பார்த்தாள்.

யூனிஸ் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு கத்தினாள். “சோறு! பீச்சு! சோறு! சோறு! பீச்சு!”

வாலை மட்டும் நறுக்கிவிட்டு, வார்த்தையைச் சபைக்குத் தகுந்ததாக ஆக்கிவிட்டாள் கெட்டிக்காரி. ஜெரூஷாவின் கால்கள் பறந்தன. முதலில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள், பிறகு பாடகர் குழு, கடைசியில் ஹாலே சோறு பீச்சு என்று அதிர்ந்தது. கப்பி பாட்டு முடியும்வரை நின்று ஆடியது. ஜெரூஷா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியதும், கடைசி அடியில் விசில் அடித்ததும் அவளுக்கே பிற்பாடு ஃபோனில் பார்த்துத்தான் தெரிந்தது.

முதல் பரிசு வேறொரு ஜோடிக்குப் போனது. இவர்களுக்கு இரண்டாம் பரிசு, ஒரு பிளாஸ்டிக் டப்பா. பாஸ்டரம்மா மைக்கை வாங்கியபோது ஜெரூஷா டப்பாவால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“பிள்ளைங்க இவ்வளவு ஆசையா கேக்குறாங்க. அடுத்த மாசம் எல்லாருமா கோவளம் பீச்சுக்குப் போவோம். சோறும் அங்கேயே ஏற்பாடு பண்ணிடலாம்.”

ஹால் இடிந்துவிடும் போலக் கைதட்டியது. விளக்கம் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடக்கும்போது யூனிஸ் சட்டென்று நின்றாள்.

“டப்பாவ சோத்தாங்கைல புடிச்சுக்கோம்மா. பீச்சாங்கை எனக்கு.”

ஜெரூஷா ஒரு நொடிகூட யோசிக்காமல் சரியான கையை நீட்டினாள்.