மல்லாட்டைக் கொல்லையில் மதுரை

1987 செப்டம்பர் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, மதுரை நகரம் தியாகதுருகத்துக்குக் கிழக்கே ஒரு மைலில், மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்த கொல்லையில் வந்து இறங்கியது. அன்று வானம் வெளுத்திருந்தது. உரித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கிலோ எட்டு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. நகரம் வந்ததை முதலில் பார்த்தவள் கள்ளக்குறிச்சி அம்சவள்ளி. அப்போது அவள் குடும்பக்கட்டுப்பாட்டு வேன் ஒன்றின் பின்கதவில் உட்கார்ந்து, பம்ப் ஸ்டவ்வில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். நகரத்தைக் கண்டதும் கரண்டியை நழுவவிட்டாளே தவிர, பயப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு அது லேட்டாக வந்ததாகத்தான் தோன்றியது.

வேன் விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் வெங்கடேசன் கள்ளக்குறிச்சியிலிருந்து மதுரைக்கு அரசுப் பேருந்து ஓட்டியவர். இன்றைக்குப் போனால் நாளைக்குத் திரும்புவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட வண்டி நேரம் தவறியதில்லை. அந்த ஆனி மாதம் ஓய்வு பெற்றதும், சுகாதாரத் துறையின் பழைய பிரசார வேனை ஏலத்தில் எடுத்தார். உள்ளே இரண்டு கட்டில், தண்ணீர் டிரம், அடுப்புமேடை, கொசுவலை எல்லாம் வந்தன. வெளியே இருந்த குடும்பக்கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தை மட்டும் எத்தனை பெயிண்ட் அடித்தும் மறைக்க முடியவில்லை. காய்ந்ததும் மேலே வந்துவிடும். ஐம்பத்தெட்டு வயது புருஷனும் ஐம்பத்திரண்டு வயது பெண்டாட்டியும் சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே உட்கார்ந்து ஊர் சுற்றக் கிளம்பினால் கள்ளக்குறிச்சி சும்மா இருக்குமா? வயிறு வலிக்கச் சிரித்தது. அம்சவள்ளியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஆனால் அவள் மனசில் ஒரு முள் இருந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்து கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள், அதற்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை. அவர் ஒவ்வொரு ட்ரிப்பிலும் ஒரு பொட்டலம் மல்லியும் ஒரு கதையும் கொண்டுவருவார். தட்டினால் பாடும் தூண், காசு வாங்கிக்கொண்டு தலையைத் தொடும் யானை, பொற்றாமரைக் குளத்தில் விளையாடும் வெள்ளி மீன். "என்னையும் ஒருவாட்டி கூட்டிகினு போங்க" என்று கேட்டால் மட்டும் அடுத்த மாசம் என்பார். அடுத்த மாசம் வரும், போகும். பக்கத்து வீட்டுத் தைலம்மாள்தான் முள்ளை ஆழமாகத் தள்ளிவிட்டவள். "மதுர வண்டி ஓட்றவனுக்கு அங்க ஒரு வூடு இல்லாமலாடி இருக்கும்? கூட்டிகினு போவ மாட்றான்னா இன்னா அர்த்தம்?" என்றாள். அன்றிலிருந்து மல்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம், இன்னொரு பொட்டலம் யார் தலைக்குப் போயிற்றோ என்று அம்சவள்ளிக்கு நெஞ்சு எரியும். பார்த்தேதீர வேண்டும். அந்த வீட்டைப் பார்த்துவிட்டால் அழுவதா, அடிப்பதா, சிரிப்பதா என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வெங்கடேசன் சாக்குச் சொல்ல ட்ரிப் ஷீட்டும் இல்லை, டிப்போ மேனேஜரும் இல்லை. ஆவணி முடியும் தேதியாகப் பார்த்து நாள் குறித்தார். செப்டம்பர் பதினேழு, வியாழக்கிழமை. அன்றுதான் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் ஆரம்பம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. "ஏங்க, ஊரே மறியலுன்னு சொல்லுது, இன்னிக்கே போவணுமா?" என்று கேட்டாள் அம்சவள்ளி. "சொன்ன டைமுக்கு வண்டிய எடுத்தே ஆவணும்" என்றார்.

தியாகதுருகத்தில் காஜா மைதீன் டீக்கடை முன்னால், இருபத்திரண்டு வருஷமாக நிறுத்திய அதே இடத்தில், அதே பத்து நிமிஷத்துக்கு வேனை நிறுத்தினார். "இன்னாண்ணே, ரிட்டயர்டு ஆயியும் டைமுக்கு வந்துட்டீங்க?" என்று காஜா மைதீன் டீயை நீட்டினார். வெங்கடேசன் அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டு டீயாகக் குடித்தார், அதையும் ஊதி ஊதிக் குடித்தார். ஊருக்கு வெளியே கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஓய்ந்த பிறகுதான் வண்டியை எடுத்தார். ஒரு மைல் போனதும் நடுரோட்டில் புளியமரம் ஒன்று படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததை அம்சவள்ளி கவனித்தாள். சரி, திரும்பிவிடலாம் என்று அவர் வண்டியை ஒடிக்கும்போதே பின்னால் இன்னொரு புளியமரம் விழுந்தது. தப்பிக்கப் பார்த்தவரைத் தெய்வம் இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிப்போட்டது.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தலைவன் முனியன். அவன் தங்கை டைப்ரைட்டிங் முடித்து, நாலு வருஷமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவள். அதனால் அவனை யாரும் அந்த மரத்திலிருந்து எழுப்ப முடியாது. ஆனால் மரியாதை தெரிந்தவன். "நீங்க பாட்டுக்கு வண்டியில இருங்கம்மா, ஏழு நாளுதான்" என்றான். முதல் மூன்று நாளும் அம்சவள்ளி அவர்களுக்கும் சேர்த்தே சமைத்தாள். சமைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுரையில் என்ன நடந்தது என்பது பின்னால் விசாரித்ததில் தெரிந்தது. வியாழன் தொட்டு வடக்கேயிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. கட்டிய பூ வாடியது. மண்டபத்துக் கதை சொல்கிறவர்கள் தூண்களுக்கே கதை சொல்லிச் சலித்தார்கள். பார்க்க வருகிறவர்களை வைத்துப் பிழைக்கும் ஊர் எத்தனை நாள்தான் பொறுக்கும்? சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிட்டது. வைகையில் தண்ணீர் இல்லாததால் அதையும் தூக்கிவரும் சிரமம் இல்லை. கொள்ளிடத்தைத் தாண்டும்போது மட்டும் இரண்டு தெரு நனைந்தன. ஞாயிறு காலை மேற்கே கல்வராயன் மலை, தெற்கே நாலு கோபுரம் என்று ஆயிற்று.

மறியல்காரர்கள் கூடிப் பேசினார்கள். மறியலை மீறி இவ்வளவு பெரிய ஊரே வந்துவிட்டதே என்று சிலர் கொதித்தார்கள். முனியன் நிதானமாகச் சொன்னான்: "நாம மறிச்சிகினு இருக்கிறது ரோட்ட. இது கொல்லை வழியா வந்துது. போனா போவுது, இருக்கட்டும்." அந்தத் தீர்ப்பை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அம்சவள்ளி அதற்குள் பட்டுப்புடவைக்கு மாறியிருந்தாள். சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"நடங்க. வூட்டக் காட்டுங்க" என்றாள்.

"எந்த வூட்ட?"

"நீங்க இத்தினி வருஷமா அங்க வெச்சிகினு இருக்கிற வூட்ட."

வெங்கடேசன் வரப்பைத் தாண்டி நகரத்துக்குள் நடந்தார். அவள் இரண்டடி பின்னால் போனாள். முதல் முச்சந்தியிலேயே அவர் நின்றுவிட்டார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். கடைசியில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரியிடம் குனிந்து, "ஏம்மா, கோயிலுக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டார்.

"நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கண்ணே" என்றாள் பூக்காரி.

அம்சவள்ளி அப்படியே நின்றாள். வீடு வைத்திருக்கிறவன் வழி கேட்பானா?

"எனக்கு பஸ் ஸ்டாண்டுதான் தெரியும் அம்சா" என்றார் வெங்கடேசன், தரையைப் பார்த்துக்கொண்டே. "வண்டிய வுட்டா ரெஸ்ட் ரூமு. மூட்டப்பூச்சிக் கட்டிலு. தூங்கி எழுந்தா ட்ரிப்பு டைமு. இருபத்திரண்டு வருஷத்துல அந்தக் காம்பவுண்ட வுட்டு வெளிய போனதில்ல. கண்ணு சொக்கும், இன்னா பண்றது? பூவும் ஜன்னலாண்ட வர்றவகிட்ட வாங்கினதுதான்."

"அப்ப தூணு, யானை, வெள்ளி மீனு?"

"வண்டியில ஏறுறவங்க பேசிகினு வருவாங்க. கேட்டுகினு வந்து சொன்னேன். உன்ன கூட்டியாந்தா குட்டு உடைஞ்சிபூடும்னுதான் இழுத்தேன். மறியலுன்னு தெரிஞ்சேதான் இந்தத் தேதியும் வெச்சேன்."

அம்சவள்ளிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் இரண்டும் ஒன்றாக வந்தன. இல்லாத ஒருத்தியோடு எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறாள்! இத்தனை பெரிய ஊரின் வாசலில் இந்த மனுஷன் எத்தனை ஆயிரம் நாள் தூங்கிக் கிடந்திருக்கிறார்! பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கி அவளே வைத்துக்கொண்டாள். பிறகு, கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, நடுத்தெருவில் புருஷன் கையைப் பிடித்தாள். "வாங்க, வழி கேட்டுகினே போலாம்" என்றாள்.

நான்கு நாள் பார்த்தார்கள். தூண் தட்டினால் பாடியது. யானை தலையைத் தொட்டது. பொற்றாமரைக் குளத்தில் வெள்ளி மீன் எதுவும் இல்லை; பொன் தாமரை இருந்தது. யாரோ ஒரு பயணி அரைத்தூக்கத்தில் தப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று வெங்கடேசன் கோபித்துக்கொண்டார். முனியன் ஆட்களும் முறை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு மரத்துக்குத் திரும்பினார்கள். காஜா மைதீன் ஜிகர்தண்டா குடித்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி, மத்தபடி குத்தமில்லை என்றார். கடைசி நாள் கிளம்புமுன் அம்சவள்ளி ரெஸ்ட் ரூமுக்கும் போய், அந்தக் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் மரங்களை இழுத்துப் போட்டார்கள். முதல் வண்டி தெற்கே போனதும், நகரமும் தன் கோபுரங்களைச் சேர்த்துக்கொண்டு வந்த வழியே கிளம்பியது. அந்தக் கொல்லையில் அதற்குப் பிறகு விளையும் மல்லாட்டையில் மல்லி வாசம் அடிக்கிறது. எண்ணெய்க்கு ஆகாது என்று வியாபாரிகள் கிலோவுக்குக் கால் ரூபாய் கம்மியாகக் கேட்கிறார்கள்.

கள்ளக்குறிச்சியில் வேன் வந்து நின்றதும் தைலம்மாள் ஓடிவந்தாள். மதுரை தியாகதுருகம்வரை வந்தது அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. இன்னும் பத்து மைல் வந்திருந்தால் தானும் பார்த்திருப்பாளே என்பதுதான் அவளுக்கு வருத்தம். அதை ஒருபாடு சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "அது கெடக்கட்டும், அந்த வூட்டப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். மூட்டப்பூச்சிதான் ஜாஸ்தி" என்றாள் அம்சவள்ளி.

பிறகு வேனுக்குள் தலையை நீட்டி, தஞ்சாவூருக்கு எந்த வழி என்று கேட்டாள். வெங்கடேசன் தெரியாது என்றார். அம்சவள்ளி ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் போனாள்.