கணவாய் மூடிய வாரம்

கெஷ்வரின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட அதே ஆண்டில்தான் சர்சஷ்மே ஊரில் பனியும் பொய்த்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் ஊரில் யாரும் அதைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை. கெஷ்வராலும் முடியவில்லை.

சனி, திங்கள், புதன். வாரத்தில் இந்த மூன்று நாளும் அவள் பக்கத்து வீட்டு மெஹ்ராபின் பிக்கப் வண்டியில் ஏறி, கணவாயைத் தாண்டி, நாற்பது கிலோமீட்டர் கீழே இருக்கும் நகரத்து மருத்துவமனைக்குப் போனாள். நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்துவிட்டு, துவைத்துப் பிழிந்த துணிபோல மாலையில் திரும்பினாள். இரண்டு குளிர்காலங்கள் அப்படியே போயின. முன்பெல்லாம் கணவாய் மாசிக்கு முன்பே ஏழெட்டு முறை மூடிக்கொள்ளும். இந்த இரண்டு வருடமும் ஒரு நாள்கூட மூடவில்லை. மலைமேல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது ஆட்டு மந்தையாக இருந்தது.

பனி இல்லாததால் ஊற்று ஆடி பிறக்கும் முன்பே சுருங்கிப்போனது. வாதுமை மரங்கள் உச்சியிலிருந்து கருகின. முப்பது வீட்டில் பதினோரு வீடு பூட்டிக்கொண்டு இஸ்பஹான் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் மார்கழி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, இடுகாட்டுக்குப் பக்கத்து மேட்டில் வெறுங்காலோடு நின்று பனி கேட்டுத் தொழுவது என்று முடிவு செய்தார்கள்.

கெஷ்வரின் கணவன் கெய்தாஸ் அன்று காலையிலிருந்து தொழுவத்திலேயே எதையோ தேடிக்கொண்டிருந்தான். அங்கே தேட ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, எல்லாரும் கெளம்பிட்டாங்க. நீங்க போகலையா?"

"முட்டி வலிக்குது."

"நேத்து அந்த முட்டியோடதான கூரைமேல ஏறுனீங்க?"

அவன் கயிற்றைச் சுருட்டினான்.

"நீங்க போகலன்னா, கணவாய் மூடிடும்னு எனக்காகத்தான் போகலன்னு பேசுவாங்க," என்றாள். "அந்தப் பேச்சு எனக்கு வேணாம். போய் நில்லுங்க. வாயத் தொறக்கணும்னு யாரு சொன்னா?"

அவன் போனான். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். நாற்பது நாற்பத்தைந்து பேர், வெறுங்கால், உறைந்த மண். மெஹ்ராப்தான் முன்னால் நின்று நடத்தினான். கெய்தாஸ் கடைசி வரிசையில் கைகளைத் தொங்கவிட்டு, மலையைப் பார்க்காமல் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர்களுக்குப் பின்னால் சரிவில் தோட்டம் தெரிந்தது. கல்யாணமான வருடம் இருவரும் சேர்ந்து நட்ட பதினாறு வாதுமை. அதில் ஆறு செத்துவிட்டது. ஏழாவதும் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளின் கைகள் மடியில் தாமாக விரிந்தன. பனியைத்தான் கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. கைகளை முக்காட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் திங்கட்கிழமை. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது கணவாயில் மெஹ்ராப் வண்டியின் கண்ணாடித் துடைப்பானைப் போட்டான். முதலில் தூசிபோல, அப்புறம் பஞ்சுபோல. வீடு வந்து சேர்வதற்குள் வண்டிச் சக்கரத்தின் தடமே பின்னால் தெரியவில்லை. சிரித்துவிடக் கூடாதே என்று மெஹ்ராப் கன்னத்தைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கெஷ்வர் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மறுநாள் காலை பனி முழங்கால் அளவு கிடந்தது. மதியம் தொடை அளவு. கெய்தாஸ் மரப்பலகையோடு கூரைமேல் ஏறி வாரித் தள்ளினான். மண்கூரை, விட்டுவைத்தால் உட்கார்ந்துவிடும். உள்ளே மண்ணெண்ணெய்க் கணப்புக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த கெஷ்வருக்கு அவன் காலடி ஒவ்வொன்றும் கேட்டது. பலகை சர்ரென்று இழுபடும், தொப்பென்று முற்றத்தில் விழும். நடுவே வேறொரு சத்தமும் கேட்டது. அவன் பாடிக்கொண்டிருந்தான். அறுவடைக் காலத்தில் முனகும் பாட்டு. இரண்டு வருடமாக அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. நாலு அடி பாடியிருப்பான். சட்டென்று நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பலகைச் சத்தம் மட்டும்தான்.

அவன் இறங்கி வந்து கையைச் சூடு காட்டியபோது அவள் கேட்டாள், "ஏன் நிறுத்திட்டீங்க?"

"எதை?"

"பாட்ட."

"நான் எங்க பாடுனேன்?" என்றவன் கணப்பின் திரியைத் தேவையில்லாமல் கூட்டிக் குறைத்தான்.

அவன் பாடியதைவிட நிறுத்தியதுதான் அவளுக்கு வலித்தது. தன் பொருட்டு ஒரு மனிதன் சந்தோஷத்தை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. சிறிது நேரம் கழித்து மெஹ்ராபின் மனைவி தூபா ஆஷ் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். அவளும் இழவு வீட்டுக்கு வந்தவள்போல முகத்தை வைத்திருந்தாள்.

"என்ன அக்கா இப்படிக் கொட்டுது, பாழாப்போன பனி," என்றாள்.

"உன் உதட்டுல பாகு ஒட்டியிருக்குடி."

தூபா அவசரமாக வாயைத் துடைத்தாள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அன்று புதுப்பனியை அள்ளித் திராட்சைப் பாகு ஊற்றித் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்து ஆசை.

"நல்லாத் தின்னுங்க," என்றாள் கெஷ்வர். "உம்புருசன் கேட்டு வாங்குனதுதான? அதப் போயி என் வீட்டு வாசல்ல வந்து திட்டாத. பனிக்குக் காது இருந்தா கோவிச்சுட்டுப் போயிடும்."

தூபா சிரிக்கப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. கெஷ்வர் கஞ்சியில் இரண்டு கரண்டி மட்டும் குடித்தாள். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் எந்த நீரும் ஆகாது என்பது மருத்துவர் கட்டளை. நாக்கு எப்போதும் செருப்புத் தோலாக வறண்டு கிடக்கும். வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வெள்ளையாகக் குவிந்துகொண்டிருக்க, அவள் ஏலக்காய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு தாகத்தை ஏமாற்றினாள்.

புதன்கிழமை கணவாய் மூடியது. மேல்மலையிலிருந்து பெரும் பனிச்சரிவு இறங்கி வளைவில் பாதையை அடைத்துவிட்டது என்று மெஹ்ராப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நகரத்துப் பக்கத்திலிருந்து சாலைக்காரர்களின் புல்டோசர் வந்துகொண்டிருக்கிறதாம். ஹெலிகாப்டருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். மூடுபனி விலகினால் வரும் என்றார்கள். மூடுபனி விலகவில்லை.

வியாழக்கிழமை அவள் கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை குழி முழங்கால்வரை ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் மூட்டைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே இருந்தாள். இடது கையில் இயந்திரத்தின் ஊசி ஏற்றுவதற்காக அறுத்துத் தைத்திருந்த நரம்பு தோலுக்கடியில் கிர்ரென்று ஓடிக்கொண்டேயிருக்கும். அதை அடிக்கடி காதோடு வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் ஒரே மகன் போர்ஸு ஒரு மணிக்கு ஒரு தடவை கெய்தாஸின் கைபேசிக்கு அழைத்தான். "சிக்னல் சரியில்லப்பா, அம்மா தூங்குறா" என்று கெய்தாஸ் பொய் சொன்னான். அவளால் மூச்சு வாங்காமல் தொடர்ந்து பேச முடியவில்லை.

அன்றைக்கு ஊர் ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. பதினேழு பேர் பலகைகளோடு வளைவுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் ரொட்டி சுட்டுக் கழுதைமேல் ஏற்றி அனுப்பினார்கள். கெய்தாஸும் மாலையில் இருமியபடி திரும்பி வந்தான். மீசையில் பனி உறைந்திருந்தது.

"எவ்வளவு தூரம் போச்சு?" என்றாள்.

"பாதி."

"பாதின்னா கால்வாசின்னு அர்த்தம்."

அவன் மீசைப் பனியைத் துடைத்தபடி தலையசைத்தான். அவள் எதிரே உட்கார்ந்து வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் மெஹ்ராப் வந்து கதவைத் தட்டினான். "இனி தோண்டிக்கிட்டிருந்தா ஆகாது, அண்ணே. சரிவுமேலயே ஏறித் தாண்டிடுவோம். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிக்குது."

ஏணியின்மேல் கம்பளம் விரித்து அவளை உட்கார்த்திய நிலையில் கட்டினார்கள். கனமான போர்வைகள். முகம் மட்டும் வெளியே. எட்டுப் பேர் தூக்க, மற்றவர்கள் முன்னால் போய் மிதித்துத் தடம் போட்டார்கள். தூபா வாசலில் நின்று மாவு அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஊரைத் தாண்டியதும் மூடுபனி கொஞ்சம் கலைந்தது. கெஷ்வர் கண்ணைத் திறந்து பார்த்தாள். மலை முழுக்க வெள்ளை. ஒரு பாறைகூடத் துருத்தவில்லை. அவள் சிறுபெண்ணாக இருந்தபோது பார்த்த மலை அது. இவ்வளவு அழகாக இருக்க வேண்டுமா என்று ஒரு கோபம் வந்தது. கோபம் வருவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

சரிவின் மேல் ஏறியபோது முன்பக்கத்து ஆள் இடுப்புவரை புதைந்தான். ஏணி சாய்ந்தது. கெய்தாஸ் தன் தோளைக் கீழே கொடுத்துத் தாங்கினான். நிமிர்த்தி, மூச்சு வாங்கி நின்றார்கள். அவள் தலைப்பக்கம் மெஹ்ராப் இருந்தான். வியர்வை கண்ணில் வழிந்ததா என்னவோ, முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "நான்தான் முன்னால நின்னு கேட்டேன் இந்தப் பனிய. என்னைச் சபிச்சிடாத."

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"நானும்... கேட்டேன்டா... ஜன்னல்ல இருந்து."

ஏணியின் மறுபக்கம் கெய்தாஸ் அவளைப் பார்த்தான். அவனுக்கு அது கேட்டுவிட்டது. அவன் முகத்தில் வந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "தூக்குங்கடா" என்று மட்டும் சொன்னான்.

ஆம்புலன்ஸில் பிராண வாயு வைத்தார்கள். மருத்துவமனையில் ஐந்து மணி நேரம் இயந்திரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் நுரையீரலில் தேங்கிய நீர் இதயத்தையும் அசைத்துவிட்டது என்று மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். இந்தக் குளிர்காலம் முடியும்வரை மலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசவே கூடாது என்றார். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஏணி அவளைக் கொண்டுவந்து சேர்க்காது என்றும் சொன்னார்.

மோனீர் என்ற விதவையின் வீட்டில், மருத்துவமனைக்குப் பின் தெருவில், ஒரு அறை கிடைத்தது. கெய்தாஸ் கணப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான், ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தான். மூன்றாம் நாள் தூபா தொலைபேசியில் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர்கள் ஊரில் இல்லாத அந்த இரண்டு நாளில் தொழுவத்தின் கூரை உட்கார்ந்துவிட்டது. ஒன்பது ஆடு. கெய்தாஸுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எந்திரிச்சு வந்து நிக்கவா போகுது?" என்றான் அவன். "மிச்ச ஆட்டையும் வித்துட்டு இங்கயே வந்துடலாம்னு பாக்குறேன். எதாவது காவல்காரன் வேலை கெடைக்காதா?"

அவள் ஊரை நினைத்துப் பார்த்தாள். இங்கே இருந்துவிட்டால் வீட்டுக் கூரையும் போகும். வசந்தத்தில் ஊற்று பொங்கும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்ப ஆள் இருக்காது. இரண்டு வருடமாக எதற்குக் காத்திருந்தார்களோ அது வந்திருக்கிறது. அதைக் கையில் ஏந்த ஒருவராவது அங்கே வேண்டும்.

"போங்க," என்றாள். "கூரைய யாரு வாருவா?"

"நீ இங்க தனியா..."

"தனியா எங்க? அந்த மிஷினும் நானும். அது உங்களைவிட நல்லாப் பேசும்."

அவன் சிரிக்கவில்லை. கதவுவரை போய் நின்றான். "ஜன்னல்ல இருந்து கேட்டேன்னியே, நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நான் வெறுங்கால்ல போய் நின்னேன்," என்றான் அவன். "பனி விழக் கூடாதுன்னு கேட்டுட்டு வந்தேன். அந்த நாப்பது பேரு நடுவுல நின்னு. ஊரு முழுக்க வறண்டு சாகட்டும்னுதான அதுக்கு அர்த்தம்? யார் முகத்தையும் பாக்க முடியல."

அவன் சட்டைப் பொத்தான் ஒன்று பிரிந்திருந்தது. கெஷ்வர் அதைப் போட்டுவிட்டாள். கணவாயில் பாதை ஒரு வண்டி அகலத்துக்குத் திறந்திருந்தது. அடுத்த பனிக்குள் போய்விட வேண்டும் என்று மெஹ்ராப் தெருவிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அந்தக் குளிர்காலத்தில் கணவாய் ஐந்து முறை மூடியது. நகரத்திலும் பனி விழுந்தது. தெருவில் வண்டிகள் மிதித்துக் கறுத்துச் சேறாகிக் கிடக்கும். மோனீர் தினமும் அதைத் திட்டிக்கொண்டே வாசலைக் கழுவுவாள். கெஷ்வர் வாரம் மூன்று நாள் அந்தச் சேற்றில் கால் வைத்து முந்நூறு அடி நடந்து போய்ப் படுத்துக்கொள்வாள். பக்கத்துப் படுக்கைக்காரி மாசியில் ஒரு நாள் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. யாரும் விசாரிக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு கெய்தாஸ் தொலைபேசுவான்.

"அங்க விழுதா?" என்று கேட்பாள்.

"கொஞ்சம்தான். ஒரு சாண் இருக்கும்."

அவனுக்கு இரைத்துக்கொண்டிருக்கும். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவான். ஒரு சாண் பனியை வாரினால் அறுபது வயதிலும் ஒரு மனிதனுக்கு அப்படி இரைக்காது.

"நீ நடக்குறியா?"

"தெனமும். கடைத்தெரு வரைக்கும்."

படுக்கையைவிட்டு எழுந்து கதவைத் திறப்பதற்கே அவள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சரி," என்பான் அவன்.

"சரி," என்பாள் அவளும். இருவரும் உடனே வைத்துவிட மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் காற்று இரையும். இந்தப் பக்கத்தில் மோனீர் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். யாராவது ஒருவருக்குப் பேட்டரி தீரும்வரை அப்படியே காதில் வைத்துக்கொண்டிருப்பார்கள்.