வெட்டிய சிகரெட் அட்டைகள்

புலம்பெயர்ந்து வந்த அம்மருட்டில் யோசெப்பின் என்பவள் குளிப்பாட்டிப் பராமரித்த கிழவர் இறந்தபோது, அவருடைய மகள் ஒரு சிறிய அல்பத்தை அவளிடம் கொடுத்தாள். உள்ளே ஐம்பது அட்டைகள். நூற்றிருபது வருடங்களுக்கு முன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்றவை. ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டவர், கையில் அந்த நாட்டு ஆயுதம்: ஈட்டி, வில், வளைந்த கத்தி.

யாழ்ப்பாணத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது தம்பி செபஸ்ரியன் ஒருவன்தான். முத்திரை, நெருப்புப்பெட்டிப் படம் என்று சின்ன வயதிலிருந்தே சேர்ப்பவன். அவனுக்கு அனுப்ப நினைத்தாள். 2007ஆம் ஆண்டு, சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. ஆயுதங்களை வெட்டி நீக்கக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

தேத்தண்ணி குடிக்க வந்த பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் மேசையைப் பார்த்துத் திகைத்தாள்.

"விசரே அக்கா உங்களுக்கு? உந்த வில்லைக் கண்டு ஆமி பயப்படப்போறானே?"

"பார்சலை உடைக்கிறவன் எந்தக் காலத்துப் படமெண்டு பாக்கமாட்டான். தம்பியைத்தான் விசாரிக்கக் கூப்பிடுவான்."

"மீசைக்காரருக்கெல்லாம் கையில்லாமல் போச்சு. பாவங்கள்."

யோசெப்பின் சிரிக்கவில்லை. சுவரில் மகன் மரியசீலனின் படம், கழுத்து வரைக்கும்தான். தொண்ணூற்றாறில் ஆமிச் சோதனைச் சென்றி தாண்டுவதற்காக அவளே வெட்டியது. நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கைப் பிடித்திருந்தான். துவக்கோடு நெஞ்சும் போயிற்று. அடுத்த வருடம் சண்டையில் அவனும் போனான். வேறு படம் இல்லை.

நாற்பத்தொன்பதை வெட்டி முடித்தபோது பெருவிரல் மரத்திருந்தது. கடைசி அட்டையில் ஓர் இளைஞன் வாளை நெஞ்சோடு அணைத்திருந்தான். கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துச் செபஸ்ரியன் போன் எடுத்தான்.

"கிடைச்சது அக்கா. உடைச்சுத்தான் தந்தவங்கள். ஒண்டும் கேக்கேல்லை."

அவள் கதிரையை இழுத்து இருந்தாள்.

"பின்பக்கத்திலை அம்பது பேரின்ரை பட்டியல் அடிச்சிருக்கு. ஒவ்வொண்டிலும் வெட்டுப்படாத இடங்களைச் சேர்த்து வாசிச்சனான். ஒராள் குறையுது. அதையும் வெட்டி அனுப்புங்கோவன்."

"அதை வெட்ட ஏலாது தம்பி. நெஞ்சோடை பிடிச்சிருக்கிறான்."

மரியசீலனின் படத்தை வெட்டிய அன்று விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் செபஸ்ரியன்தான்.

"அப்ப அவன் அங்கையே இருக்கட்டும், அக்கா."

"ஓம்" என்றாள். "பிறசர்க் குளிசை ஒழுங்காய்ப் போடுறியோ?"