ருக்கு சொன்ன 'இரே'

ராஜமாணிக்கம் மனைவி ருக்குவைக் கிடத்திய ஐஸ்பெட்டியின் தலைமாட்டில் விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தபோது, மகளின் செல்பேசியில் சம்பந்தியம்மாள் அழுதாள். ஸ்பெயின்காரி. அவள் பேச்சில் அவருக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தை: ருக்கு, இரே.

"இந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டார்.

மகள் சங்கவி அங்கே நர்ஸாகப் போய் அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டவள். இப்போது மாசமாக இருந்தாள். அம்மா போன செய்தி கேட்டுக் கிளம்பி, இன்று காலை விமானத்தில்தான் வந்து சேர்ந்திருந்தாள்.

மகளின் பிரசவத்துக்குப் போகும்போது சம்பந்தியிடம் ஊமையாக நிற்கக் கூடாதென்று ருக்கு செல்பேசியில் ஸ்பானிஷ் படித்தது அவருக்குத் தெரியும். நெஞ்சில் நீர் கோத்துப் படுத்த பிறகும் காதில் மாட்டிக்கொண்டு முணுமுணுப்பாள். ஒன்றும் விளங்காது. ஆனால், தீவின் வண்டூர் படகுத்துறைக்குப் படகோட்ட அவர் கிளம்பும் நேரம் பார்த்து, "இரே" என்பாள். இரேன் என்கிறாள், தனியாக இருக்கப் பயம் போலிருக்கிறது என்று படகுச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். போன மாதம் முழுக்கப் படகு பெரும்பாலும் கரையில்தான் கிடந்தது.

"இரேன்னா போவேன்னு அர்த்தம்ப்பா. எதிர்காலம். அவங்க வீட்டுக்கு வருவேன்னு சொல்லணும்னாலும் அதேதான். அம்மா போன்ல அவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம்."

"என்னை இருக்கச் சொல்றான்னுல்ல நெனச்சேன். சொல்றப்பல்லாம் உக்காந்தேன்."

"அம்மா சொல்லலையா?"

"சிரிச்சா."

யோசித்துப் பார்த்தார். முதல் தடவை அவர் உட்கார்ந்தபோது இருமல் வரும்வரை சிரித்தாள். மறுநாள் அவர் செருப்பை மாட்டுமுன், காதில் எதுவும் மாட்டாமலே, அவரைப் பார்த்து "இரே" என்றாள்.

"நீ போவேங்கறதுக்கு?"

"இராஸ்."

"அவ போவா?"

"இரா."

அதை ஒருமுறை வாய்க்குள் சொன்னார். மறுமுறை சொல்லவில்லை.

"இருப்பேன்னா எப்படிச் சொல்லுவாங்க?"

"எஸ்தாரே."

நாக்கு வளையவில்லை. "ரே-யை அழுத்தணுமோ?"

"ஆமாப்பா."

"பாய், காடி ஆ கயா," என்று வண்டி வந்ததைப் பக்கத்து வீட்டு வங்காளி இந்தியில் மெல்லச் சொன்னார். வெளியே அமரர் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது.

பெட்டியின் கண்ணாடியில் ஈரம் பூத்து ருக்குவின் முகம் மங்கியிருந்தது. ராஜமாணிக்கம் தோள்துண்டால் துடைத்தார். துடைத்த இடம் மறுபடியும் மெல்ல மங்கத் தொடங்கியது.